கந்தப்பன் வீட்டுக் கன்னி

விதுஷா யாருடனோ ஓடிப்போய்விட்டாள் என்ற கதையை எங்கள் தோட்டத்தில் முதலில் கிளப்பியது ஊர்வாய் இல்லை, பெற்ற தாய். வேலாயி அதைத் தண்ணீர் பிடிக்கிற பீலியடியில் நின்றுகொண்டு, நாலு பேர் காதில் விழும்படி, தலையை நிமிர்த்திச் சொன்னாள். பெற்ற பெண் ஓடிவிட்டாள் என்றால் வாசலுக்கு வரவே கூசுகிற ஊர் இது. இவளோ அதை யாராவது நம்பாவிட்டால் சண்டைக்கு வந்தாள்.

அவள் புருஷன் கந்தப்பனைப் பற்றித்தான் சொல்ல வந்தேன். ஆனால் அந்த மனிதனின் கதையை எங்கே தொட்டாலும் அது இவளில் வந்து முட்டிக்கொள்கிறது. நான் இந்தத் தோட்டத்துப் புள்ளக்காம்பராவில் வேலை செய்கிறவள். தாய்மார் கொழுந்தெடுக்க மலைக்குப் போகும்போது கைக்குழந்தைகளை என்னிடம் விட்டுவிட்டுப் போவார்கள். விதுஷாவும் அப்படி என் இடுப்பில் இருந்து வளர்ந்தவள்தான். அதனால் அவளைப் பெற்ற இரண்டு பேரையும் திட்டுவதற்கு எனக்கு உரிமை உண்டு என்று நினைக்கிறேன்.

நமுனுகுல மலையில், பசறைப் பக்கத்துச் சரிவில் இருக்கிறது எங்கள் தோட்டம். கந்தப்பனுக்குத் தேயிலை ஃபெக்டரியில் வேலை. வேலை விட்டு வந்தால் சாமி வார்ப்பான். அவன் பாட்டன் பூட்டன் எல்லாம் சேலத்துக்கு மேலே உள்ள மலையிலிருந்து கடல் கடந்து வந்த வார்ப்புக்காரர்கள். கூலிக்கு வந்தவர்கள் கையோடு மெழுகையும் கொண்டுவந்திருக்கிறார்கள். பதுளையிலிருந்து பூனாகலை வரை பல கோயில்களில் இருக்கும் சின்னச் சின்னப் பித்தளைச் சாமிகள் அந்தக் குடும்பத்துக் கைதான். ஃபெக்டரிச் சக்கரத்துக்குக் காவல் இருக்கிற ரோதமுனியை இவன் செய்ததுபோல் யாரும் செய்ததில்லை. முனிக்கு மீசை சரியாக வராவிட்டால் முனியையே நிற்கவைத்து வைவான். பிறகு கொஞ்சம் சாராயம் ஊற்றிச் சமாதானம் செய்வான். மிச்சம் அவனுக்கு.

அவன் வேலை செய்யும் விதத்தைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். முதலில் புற்றுமண்ணைப் பிசைந்து சாமியின் உருவத்தைக் குத்துமதிப்பாகப் பிடிப்பான். அதற்குப் பெயர் கரு. தேன்மெழுகில் குங்கிலியம் சேர்த்து இளக்கி, ஓட்டை போட்ட தகரத்தின் வழியாகப் பிழிந்து நூலாக எடுப்பான். அந்த மெழுகு நூலைக் கருவின் மேல் சுற்றிச் சுற்றி, விரலால் அழுத்தி அழுத்தி, கை, கால், மூக்கு, நகை எல்லாம் கொண்டுவருவான். அதன்மேல் மறுபடி மண்ணைப் பூசிக் காயவைத்துச் சுடுவான். மெழுகு உருகித் துவாரத்தின் வழியாக ஓடிவிடும். அது இருந்த இடத்தில் உருக்கிய பித்தளையை ஊற்றி, ஆறியதும் மேல்மண்ணை உடைத்தால் சாமி வந்துவிடும். கரு மட்டும் வெளியே வராது, சாமிக்குள்ளேயே தங்கிவிடும்.

கல்யாணமாகாமல் செத்துப்போன பெண்ணை எங்கள் ஆட்கள் கன்னி என்று வீட்டில் வைத்துக் கும்பிடுவார்கள். கந்தப்பனின் குடும்பம் அதற்கென்று உள்ளங்கை அளவில் ஓர் உருவம் வார்த்துக் கொடுக்கும். அதில் சாமியின் முகம் இருக்காது, செத்த பெண்ணின் முகமே இருக்கும். அதற்கு ஒரு கட்டுப்பாடு உண்டு. உயிரோடு இருக்கிறவர்களின் முகத்தை மெழுகில் பிடித்து நெருப்பில் வைக்கக் கூடாது. மெழுகு ஓடும்போது அந்த உயிரும் ஓடிவிடும் என்பது அவர்கள் வீட்டு நம்பிக்கை.

அந்த ஐப்பசியில் மழை விடாமல் பெய்தது. பதுளையில் காமில் நானாவின் புடவைக் கடையில் வேலை பார்த்த விதுஷா தீபாவளிக்கு வீட்டுக்கு வந்திருந்தாள். மறுநாள் காலையில் முதல் பஸ்ஸுக்குப் போய்விடுவேன் என்று தாயிடம் சொல்லியிருந்தாள். தாய் விடிந்ததும் கொழுந்துக்குப் போய்விட்டாள். தகப்பன் ஃபெக்டரியில் இருந்தான். தாய் கிளம்பும்போது மகள் தூங்கிக்கொண்டிருந்தாள். அதற்குப் பிறகு மேலே இருந்து மலை இறங்கி, அவர்கள் குடியிருந்த கீழ் லயத்து வரிசை வீடுகளை அப்படியே மூடிவிட்டது. நான் ஓடிவந்து பார்த்தபோது லயம் இருந்த இடத்தில் செம்மண்ணும் வேரோடு புரண்ட தேயிலைச் செடிகளும்தான் இருந்தன. அந்தச் சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது, அதைப் பற்றிப் பேச எனக்குப் பிடிக்காது.

இராணுவம் வந்து தோண்டியது. சிலரைப் பிணமாக எடுத்தார்கள். அவர்களுக்குப் பக்கத்துக் காம்பராவில் இருந்த பையன் சுரேஸின் தங்கச்சியை எடுத்தார்கள். விதுஷாவை எடுக்கவில்லை. மேலே வெடிப்பு இருக்கிறது, இனித் தோண்ட முடியாது என்று சொல்லிவிட்டு மெஷினை ஏற்றிக்கொண்டு போனார்கள்.

அவள் மண்ணுக்குள்தான் இருக்கிறாள் என்று கந்தப்பன் அன்றே முடிவு செய்துவிட்டான். வேலாயி ஒப்பவில்லை. பஸ் கண்டக்டரைப் போய்ப் பிடித்தாள். மழைக்குக் குடையோடு எத்தனையோ பெண்கள் ஏறினார்கள், யாரென்று கண்டேன் என்று அவன் கையை விரித்தான். காமில் நானாவோ கடைக்கு அவள் வரவில்லை என்றார், சொல்லும்போதே அவருக்குக் கண் கலங்கிவிட்டது. அவள் போன் அணைந்தே கிடந்தது. பஸ் ஏறியிருக்கிறாள், கடைக்குப் போகவில்லை, அப்படியானால் எவனுடனோதான் போயிருக்கிறாள் என்று வேலாயி கணக்குப் போட்டாள். மகள் உயிரோடு இருப்பதற்கு இருந்த ஒரே வழி அவள் ஓடிப்போயிருப்பதுதான். அந்த அவமானத்தை இவள் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள்.

லயம் போனவர்களுக்கு எங்கள் வரிசையில் காலியாகக் கிடந்த காம்பராக்களைக் கொடுத்தார்கள். புருஷனும் பெண்சாதியும் எனக்குப் பக்கத்தில் வந்தார்கள். நடுவில் இருப்பது பலகைச் சுவர்தான், அவர்கள் மூச்சு விடுவதுகூட எனக்குக் கேட்கும். ஒருநாள் கந்தப்பன் கன்னிப் பேச்சை எடுத்தான். சுரேஸின் வீட்டுக்கு அவன் கன்னி வார்த்துக் கொடுத்திருந்தான். அந்தத் தாய் அதைத் தட்டில் வைத்து விளக்கேற்றி, அழுது தீர்த்துவிட்டு, மறுவாரம் பெரட்டுக்கு நின்று வேலைக்குப் போக ஆரம்பித்திருந்தாள். அந்த வீட்டில் சோறு வேகத் தொடங்கியதை இவன் பார்த்துக்கொண்டிருந்தான்.

"எடம் இல்லாம அலையிறா வேலாயி. பெத்தவங்க ஒரு எடம் குடுக்க வேணாமா?" என்று அவன் கேட்டது எனக்குக் கேட்டது.

வேலாயி கத்தவில்லை. கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "செத்தவளுக்குத்தாங்க கன்னி. நீங்க அவ மூஞ்சிய நெருப்புல வச்சீங்கன்னா அன்னிக்குத்தான் அவ சாவா. கொன்னது நீங்களா இருப்பீங்க" என்றாள்.

ஒரு வருஷம் அவன் பேசாமல் இருந்தான். அடுத்த ஐப்பசி மழை வந்தபோது முடியவில்லை. ஒவ்வொரு மழைக்கும் எழுந்து வாசலில் நின்று சரிவைப் பார்ப்பான். ஒருநாள் காலையில் வாளியோடு அந்தச் சரிவுக்குப் போய்ச் செம்மண் அள்ளிக்கொண்டு வந்தான். கருவுக்குப் புற்றுமண்தானே போடுவாய் என்று நான் கேட்டேன். அவன் நிமிர்ந்து பார்க்கவே இல்லை. "அவ இதுலதானக்கா இருக்கா" என்றான்.

அந்த மெழுகு முகத்தைப் பார்த்தேன். அப்படி ஒரு முகத்தை அவன் அதற்கு முன் செய்ததில்லை. போட்டோ ஒன்றும் வைத்துக்கொள்ளவில்லை. விதுஷா சின்னப் பிள்ளையில் என் புள்ளக்காம்பரா வாசற்படியில் விழுந்து புருவத்துக்கு மேலே வாங்கிய சின்னப் பள்ளம்கூட அதில் இருந்தது. சிரிக்கப் போகிறவள் போல உதட்டை ஒரு பக்கம் இழுத்துக்கொண்டிருந்தாள். நான் அழுதுவிட்டேன். வேலாயியும் வந்து பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள். பிறகு உள்ளே போய் எங்கள் இரண்டு பேருக்கும் பிளேன்டீ ஊற்றிக்கொண்டு வந்து கொடுத்தாள். மனம் இளகிவிட்டாள் என்று நாங்கள் நினைத்துக்கொண்டோம். நாங்கள் இரண்டு பேரும் மரமண்டைகள்.

வார்த்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை. முந்தின நாளே மண் அச்சைச் சுட்டு மெழுகை ஓடவிட்டிருந்தான். காலையில் அதை மறுபடி சூடாக்கி, மணல் போட்ட வாளிக்குள் துவாரம் மேலே தெரிய நிறுத்தி, சூடு ஆறாமல் இருக்க அடுப்போரம் வைத்தான். வேலாயியைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு லயத்துக்குப் பின்னால் இருந்த உலைக்குழிக்குப் போனான். சுரேஸ் துருத்தி சுற்றினான். பித்தளை உருக்குகிற மூசையில் கொதித்துப் பச்சைச் சுவாலை விட்டதும் வாளியை வெளியே எடுத்துவரச் சொன்னான். வேலாயிதான் தூக்கிக்கொண்டு வந்தாள். கந்தப்பன் புறங்கையால் அச்சைத் தொட்டுப் பார்த்தான். மேலே நல்ல சூடு. குறட்டில் மூசையைப் பிடித்துக் குனிந்து ஊற்றினான்.

பட்டாசு வெடித்ததுபோல ஒரு சத்தம். உருகிய பித்தளை துவாரத்தின் வழியே திருப்பி மேலே பாய்ந்தது. கந்தப்பன் முகத்தைப் பொத்திக்கொண்டு விழுந்தான். வேலாயி போட்ட கூப்பாடு மேல் டிவிஷன் வரைக்கும் கேட்டிருக்கும். ஈரச்சாக்கோடு ஓடிவந்து அவன் மேல் விழுந்தாள். கொழுந்து லொறியில் ஏற்றிப் பதுளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம், வழி முழுக்க அவன் தலையை மடியிலிருந்து அவள் இறக்கவே இல்லை. உயிர் தங்கியது. வலது கண் போய்விட்டது.

உடைந்த அச்சை நான்தான் பொறுக்கினேன். கழுத்து வரைக்கும் பித்தளை பிடித்திருந்தது. அதற்கு மேலே ஒன்றுமில்லை.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்ததும் வேலாயி அந்தத் துண்டைத் துணியில் சுற்றிக்கொண்டு வீடு வீடாகப் போனாள். எம்புள்ள உசுரோட இருக்கா, அதனாலதான் நெருப்பு அவ மூஞ்சிய ஏத்துக்கல என்று காட்டினாள். ஊர் நம்பியது. எனக்கு எரிச்சலாக இருந்தாலும், ஒரு பக்கம் நானும் நம்பினேன் என்றுதான் சொல்ல வேண்டும். ஓடிப்போனவள் என்று முதுகுக்குப் பின்னால் சிரித்தவர்கள் இப்போது தெய்வக் குற்றம் என்று பயந்தார்கள். வேலாயி லீவு கிடைத்தபோதெல்லாம் மகளைத் தேடிக் கிளம்பினாள். பண்டாரவளை, அப்புத்தளை, ஒரு தடவை கொழும்பு. திரும்பி வந்ததும் புருஷனுக்குக் கண்ணைக் கழுவி மருந்து போடுவாள். அப்படி ஒரு பணிவிடையை நான் எந்தப் பெண்சாதியிடமும் கண்டதில்லை. அவனுக்கு முள்ளெடுத்து மீன் கொடுப்பாள், பீடிக்கு நெருப்பு வைத்துக் கொடுப்பாள். ஆம்பளைக்கு இவ்வளவு இடம் கொடுக்கக் கூடாது என்று நான்கூடக் கிண்டல் செய்திருக்கிறேன்.

கந்தப்பன் அதற்குப் பிறகு மெழுகைத் தொடவில்லை. ஒற்றைக் கண்ணுக்குத் தூரம் பிடிபடாது. டம்ளரை நீட்டினால் பக்கத்துக் காற்றைப் பிடிப்பான். ஃபெக்டரியில் கூட்டுகிற வேலை கொடுத்தார்கள். ஒருநாள் என்னிடம் மட்டும் மனதைத் திறந்தான். நெருப்பாவது ஏற்காததாவது, சரிவு மண்ணில் வேரும் தூசியும் கிடந்திருக்கும், ஈரம் உள்ளே தங்கியிருக்கும், புற்றுமண்ணாக இருந்தால் இப்படி ஆகியிருக்காது, தப்பு தன் கையில்தான் என்றான். அதை அவளிடம் சொல்லித் தொலையேன் என்று நான் கோபப்பட்டேன்.

"சொன்னா அவ புள்ளய நான் ரெண்டாந்தடவ கொல்லணும்க்கா" என்றான்.

இப்படியே ஒரு வருஷத்துக்கு மேல் ஓடியது. போன மாசம் யாரோ ஒரு புண்ணியவான் வந்து, கட்டுநாயக்கவில் கார்மெண்ட் ஃபெக்டரிப் பெண்கள் தங்குகிற இடத்தில் விதுஷா சாயலில் ஒருத்தியைக் கண்டதாகச் சொன்னான். அவன் வாயில் மண் விழ. வேலாயி தோட்டத்தில் பேரை வெட்டி வேலையை விட்டுவிட்டு அங்கேயே போய்ச் சமையல் வேலைக்கு நிற்கப் போவதாகத் துணியை மடிக்கத் தொடங்கினாள். ஒரு கண் போனவன் தனியாக என்ன செய்வான் என்று நான் கேட்டதற்கு, புள்ளையைக் கூட்டிக்கொண்டு வந்துவிடுவேன் என்றாள். அன்று பின்னேரம் கந்தப்பன் என்னைத் துணைக்குக் கூப்பிட்டான். அவள் விழுந்தால் பிடித்துக்கொள்ள ஆள் வேண்டும் என்றான்.

அவளை உட்காரவைத்து எல்லாம் சொன்னான். சரிவில் மண் எடுத்தது, அது ஈரம் பிடித்த மண் என்பது, அவசரத்தில் தான் கவனிக்காமல் விட்டது. அச்சு வெடித்ததற்கும் மகள் உயிரோடு இருப்பதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை, எல்லாம் தன் கைத்தப்பு என்று சொல்லி முடித்தான். நான் அவள் தோளைப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

வேலாயி விழவில்லை. மடித்த துணியைத் தடவிக்கொண்டே இருந்தாள்.

"மண்ணுல ஈரம் இல்லங்க. நாந்தான் தண்ணி ஊத்துனேன்" என்றாள்.

எனக்கு முதலில் விளங்கவில்லை. அடுப்போரம் வைத்திருந்த அச்சின் துவாரத்துக்குள், குடிக்க வைத்திருந்த தண்ணீரை ஊற்றினாளாம். சொய்யென்று உள்ளே இழுத்துக்கொண்டதாம். சாமி ஒடஞ்சு போனாப் போதும்னு நெனச்சேன், திருப்பி அடிக்கும்னு தெரியாதுங்க என்றாள். அவள் தோளில் இருந்த என் கையை எடுத்துவிட்டேன். ஓங்கி அறையலாம் போல ஆத்திரம் வந்தது. கண் போனது போகட்டும், அதற்குப் பிறகும் நெருப்பு ஏற்கவில்லை என்று ஊர் ஊராகச் சொல்லிக்கொண்டு அலைந்தாளே.

"சொல்லச் சொல்ல எனக்கே அது நெசம்னு பட்டுச்சுக்கா" என்றாள் என்னிடம்.

கந்தப்பன் அவள் பக்கம் திரும்பினான். அடிப்பான் என்று எதிர்பார்த்தேன். அடித்திருந்தால் நான் தடுத்திருக்க மாட்டேன். அவன் அந்தக் கண்ணைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. "இப்பச் சொல்லு. புள்ள எங்க இருக்கா?" என்று மட்டும் கேட்டான்.

வேலாயி சரிவு இருக்கிற பக்கம் முகத்தைத் திருப்பினாள். "மண்ணுக்குள்ளதாங்க" என்றாள். அத்தனை நாளில் அன்றுதான் அதை அவள் வாயால் கேட்டேன். பிறகு அழுதாள், அது வேறு மாதிரியான அழுகை. அழுது முடித்துவிட்டு, மடித்த துணியைப் பிரித்துத் திரும்பவும் கொடியில் போட்டாள். "செய்யிங்க. நான் ஒண்ணும் பண்ண மாட்டேன்" என்றாள்.

மறுநாள் நானே புற்றுமண் கொண்டுவந்து கொடுத்தேன். வேலாயி மெழுகு இளக்கினாள், தகரத்தில் பிழிந்து நூல் எடுத்தாள். கந்தப்பன் உட்கார்ந்தான். உடம்பு வந்தது, தாவணி மடிப்பு வந்தது, அதெல்லாம் விரலுக்கே தெரியும். முகத்தில் நின்றுவிட்டான். மூக்கில் விழ வேண்டிய நூல் கன்னத்தில் விழுந்தது. எடுத்தான், வைத்தான், எடுத்தான். விதுஷாவின் படம் என் போனில் ஒரு கல்யாண வீட்டுக் கூட்டத்தில் இருந்தது. அதைப் பெரிதாக்கிக் காட்டினேன். படத்தையும் மெழுகையும் மாறி மாறிப் பார்த்தான்.

"ரெண்டும் தட்டையாத்தான் தெரியுதுக்கா. எது மேடு, எது பள்ளம்னு புரியல."

பிறகு வேலாயி அவனுக்கு எதிரே போய் உட்கார்ந்தாள். அவன் கையை எடுத்துத் தன் முகத்தில் வைத்தாள். "கண்ணால பாக்காதீங்க. தொட்டுப் பாத்துச் செய்யிங்க. அவளுக்கு என் மூக்கு, என் நாடின்னு நீங்கதானே சொல்லுவீங்க" என்றாள்.

அவன் இருந்த கண்ணையும் மூடிக்கொண்டான். அவள் நெற்றியைத் தொடுவான், மெழுகைத் தொடுவான். மூக்கைத் தடவுவான், நூலை வைத்து அழுத்துவான். அவள் கன்னம் ஈரமாக இருந்தது, அவன் விரலை இடுப்புச் சாரத்தில் துடைத்துக்கொண்டு திரும்பவும் தொடுவான். பொழுது சாய்கிற வரைக்கும் செய்தான். நூல் வழுக்கவில்லை, முகம் வந்துகொண்டே இருந்தது. எனக்குக்கூட ஒரு நம்பிக்கை பிறந்தது.

முடித்துவிட்டு வேலாயியின் கையில் கொடுத்தான். அவள் வாசல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோய்ப் பார்த்தாள். நானும் எட்டிப் பார்த்தேன். அவன் கைக்கு ஒரு குறையும் சொல்ல முடியாது. ஒட்டிப்போன கன்னம், இறங்கிப்போன இமை, இரண்டு பக்கமும் தொங்கிவிட்ட உதடு. தாவணி கட்டிய சின்ன உடம்பின் மேல் அச்சு அசலாக, என் பக்கத்தில் உயிரோடு நிற்கிற வேலாயி இருந்தாள்.

"என்னாச்சு வேலாயி? வந்திருக்காளா?" என்று அவன் உள்ளே இருந்து கேட்டான்.

அவள் என் பக்கம் திரும்பி, வாயைப் பொத்தச் சொல்லிச் சைகை செய்தாள். பிறகு உள்ளே போய் அவன் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"வந்துட்டாங்க. நெருப்புல வைங்க" என்றாள்.